ஆக்கம் அறியாத வாழ்வு அடிமை வாழ்வே!

தொல்காப்பியனார் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்துள் பொருள்களை இரண்டாகப் பகுத்துக் காட்டினார். இயற்கைப் பொருள் ஒன்று. செயற்கைப் பொருள் மற்றொன்று. நிலம் வலியது, நீர் குளிர்ந்தது என்றாற்போல, இயற்கைப் பொருளை இத்தன்மையது என்று சொல்லிவிட்டால் போதும். செயற்கைப் பொருளை அவ்வாறு சொல்லிவிடலாகாது. அதனை 'ஆயிற்று' என்னும் ஆக்கச்சொல் கொடுத்துச் சொல்லுதல் வேண்டும். அவ்வாக்கத்திற்கு முன்னே அதன் கரணியமும் நிற்றல் வேண்டும். எருவிட்டமையால் பயிர் செழிப்பாயிற்று என்பதுபோல. உலக வழக்கில் கரணியத்தைச் சொல்லாது விடுதலும் உண்டென்று அப்பெருமகனார் சிறிது இடமும் தந்தார்.

நாம் செய்ததென்ன? தந்த இடத்தைப் பற்றிக்கொண்டு கரணியத்தை விட்டோம். பின்னர் ஆக்கத்தையும் விட்டோம். செய்யப்பட்ட பொருள்களையெல்லாம் புல்லையும் கல்லையும் போலத் தாமே முளைத்தனவாக எண்ணி வாழப் பழகிவிட்டோம்.

பல்துலக்கியின் இழை, காலில் அணியும் செருப்பு, சுவரில் தீற்றிய வண்ணப்பூச்சு, பள்ளிப்பிள்ளை தாள் ஒட்டும் வெண்பசை, மருத்துவர் அணியும் கையுறை, குழந்தை ஊதும் ஊதுபை, படுக்கும் மெத்தை, பேருந்தின் உருளிப்பட்டை என விடியல் முதல் இரவுவரை நம் உடலைத் தொடுகின்ற பொருள்களுள் பல பாலிலிருந்தும் பிசினிலிருந்தும் மாந்தன் ஆக்கிக்கொண்டவை. இவற்றை வாங்குகின்றோம், கிழிந்தால் எறிகின்றோம், மீண்டும் வாங்குகின்றோம். எதனால் ஆயிற்று, எவரால் ஆயிற்று, ஏன் ஆயிற்று என்னும் மூன்று வினாக்களை நம்முள் கேட்பாரைக் காணோம். ஆக்கம் கேளாதவன் என்றும் வாங்குபவனாகவே இருப்பான். என்றும் வாங்குபவனாகவே இருப்பவன், விற்பவன் குறித்த விலைக்கும் அவன் வைத்த பெயருக்கும் கட்டுப்பட்டே கிடப்பான். இதனை இரப்பர் என்று கடைத்தெரு சொல்லும் தொய்வம் ஒன்றைக்கொண்டே மெய்ப்பிப்போம்.

செயற்கை என்றால் போலியா?

முதற்கண் நம் பக்கத்து நண்பர்களோடே வழக்காட வேண்டியுள்ளது. இயற்கையே உயர்ந்தது, செயற்கை என்பது போலி என்று மேடைதோறும் முழங்குவார் நம்முள் உளர். செயற்கை என்னும் சொல்லில் இழிவு எங்கே இருக்கின்றது? செய் என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. குயவன் வனைந்த பானை செயற்கை; தறியில் நெய்த ஆடை செயற்கை; உலையில் உருக்கிய இரும்பு செயற்கை; பனஞ்சாற்றைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டியும் செயற்கையே. செயற்கையை இகழ்பவன் தன் முன்னோரின் கைத்திறனையே இகழ்கின்றான்.

இனி, இவர்கள் போற்றுகின்ற இயற்கைத் தொய்வமாவது முற்றும் இயற்கையா? அமேசான் காட்டு மரமொன்றின் பட்டையைக் கீறினால் பால் வடிகின்றது. அப்பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கே தொய்வம். எஞ்சியது பெரும்பாலும் நீர். காடி சேர்த்துத் திரட்டிய கட்டி வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லசு குட்இயர் என்னும் அமெரிக்கர் கந்தகம் சேர்த்துச் சூடேற்றும் முறையைக் கண்ட பின்னரே அது நிலைத்த பொருளாயிற்று.

மரமும் தானாக நடந்து வரவில்லை. 1876இல் என்றி விக்காம் என்னும் ஆங்கிலர் ஏறத்தாழ 70,000 விதைகளைப் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவிற்கும் அனுப்பப்பட்டன. அந்நாடுகளில் காடு திருத்தி அம்மரத்தை வரிசை வரிசையாக நட்டவரும், விடியுமுன் எழுந்து பட்டை கீறிப் பால் எடுத்தவரும் யாவர்? கங்காணிகளின் சொல்லை நம்பித் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறிய நம் மக்கள் அவருள் பல்லாயிரவர். பால் எடுத்த கை தமிழன் கை; அப்பாலைப் பொருளாக்கிய அறிவு அயலான் அறிவு. கூலி கைக்குக் கிடைத்தது. செல்வம் அறிவுக்குக் கிடைத்தது. இதுவே இயற்கைத் தொய்வத்தின் வரலாறு. இதில் எந்தப் பகுதியைத் தூய இயற்கை என்று இந்நண்பர்கள் கொண்டாடுகின்றனர்?

ஆலைப்பால் ஆனவாறு

மரப்பாலின் உள்ளியல்பை அறிய முயன்றவர்கள் மரம் இல்லாத குளிர்நாட்டார். 1826இல் பாரடே தொய்வத்தில் கரியணு 5க்கு நீரக அணு 8 என்னும் அளவு இருத்தலைக் கண்டார். 1860இல் கிரெவில் வில்லியம்சு தொய்வத்தைக் காய்ச்சி வடித்து, ஐசோப்பிரீன் என்னும் நீர்மத்தைப் பிரித்தெடுத்தார். சிதைத்தால் இது வருமெனின், இதனைக் கோத்தால் தொய்வம் வரவேண்டுமன்றோ? அவ்வினாவே ஒரு பெருந்தொழிலின் வித்தாயிற்று. 1909இல் செருமானியராகிய பிரிட்சு ஆப்மன் செயற்கைத் தொய்வத்திற்கு முதற் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அவர் நாட்டார் அதனைச் செய்து பயன்படுத்தினர். குறைபாடு மிகுந்த பொருளாகலின் போர் முடிந்ததும் கைவிட்டனர்.

கோத்தல் என்பது எத்தகையது என்று அன்றைய வேதியியலார்க்கே விளங்கவில்லை. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட குவியலே தொய்வம் என்று பெரும்புலவர்கள் சொல்லிவந்தனர். 1920இல் எர்மன் சுடாடிங்கர் அதனை மறுத்தார். ஆயிரக்கணக்கான சிற்றுறுப்புகள் மெய்யான பிணைப்பால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலியே தொய்வமும் பஞ்சும் என்றார். எள்ளினர், அவர் அசையவில்லை. 1953இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அந்நெடுஞ்சங்கிலியையே இன்று பாலிமர் என்றும் பலபடி என்றும் வழங்குகின்றோம்.

செருமானிய ஆய்வாளர் பியூட்டாடையீன், சுடைரீன் என்னும் இரண்டு பொருள்களைச் சேர்த்துக் கோத்துப் புனா என்னும் தொய்வத்தை ஆக்கினர். அதன் ஆக்கமுறை அறியத்தக்கது. நீரில் சோப்பு எனும் வழலையைக் கரைக்கின்றனர். வழலையின் மூலக்கூறுகள் நீருக்குள் நுண்ணிய திரள்களாகக் கூடி நிற்கின்றன. எண்ணெய் போன்ற அவ்விரு பொருள்களையும், மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்னும் அளவில், மூடிய கலத்துள் செலுத்திக் கலக்குகின்றனர். அவை வழலைத் திரள்களுக்குள் புகுகின்றன. தொடக்கி எனப்படும் உப்பொன்று அங்கே முதற் பிணைப்பை உண்டாக்க, ஒன்றைப் பற்றி ஒன்றாகச் சங்கிலி நீள்கின்றது. சில மணி நேரத்தில் கலம் முழுவதும் வெண்பால். அதில் மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மரம் தன் பட்டைக்குள் செய்வதை மாந்தன் இரும்புக் கலத்துள் செய்தான். மரத்தினது மரப்பால் எனின், இதனை ஆலைப்பால் என்போம்.

உருசியர் வேறொரு வழி கண்டனர். செர்கேய் இலெபெதெவ் என்னும் அறிஞர் சாராயத்திலிருந்து பியூட்டாடையீன் எடுக்கும் முறையை வகுத்தார். 1932இல் யாரோசுலாவல் நகரில் ஆலை இயங்கியது. உருளைக்கிழங்கும் தவசமும் புளித்து வடித்த சாராயம் உருளிப்பட்டை ஆயிற்று. தொய்வ மரம் வளராத நாடு, தன் வயலில் விளைந்ததைக்கொண்டே தொய்வம் செய்துகொண்டது.

கரணியம் போரே

ஆக்கத்தைக் கண்டோம், இனிக் கரணியம். செயற்கைத் தொய்வம் இவ்வளவு விரைந்து வளர்ந்தது மக்கள் நலங்கருதி அன்று, போர் கருதியே.

1941 திசம்பரில் சப்பானியர் மலேயாவில் இறங்கினர். 1942 பிப்பிரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவிற்கு வந்துகொண்டிருந்த இயற்கைத் தொய்வத்தில் நூற்றுக்குத் 90 பங்கு அறுந்துபோயிற்று. தொய்வம் இன்றேல் வண்டியில்லை, வானூர்தியில்லை. அந்நாட்டரசு, ஒன்றோடொன்று போட்டியிட்டுவந்த பெருநிறுவனங்களை ஒரே பலகையில் அமர்த்தி அறிவைப் பகிர்ந்துகொள்ளச் செய்தது. தன் பணத்தில் ஆலைகளை எழுப்பியது. 1941இல் ஆண்டு முழுமைக்கும் 231 டன்னாக இருந்த பொதுப்பயன் செயற்கைத் தொய்வம், 1945இல் திங்கள் ஒன்றுக்கே ஏறத்தாழ 70,000 டன்னாயிற்று. நான்கே ஆண்டுகள்!

அதே போரின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. மலேயத் தோட்டங்களில் வேலையற்று நின்ற தமிழரைச் சப்பானியர் சயாம் – பருமா இருப்புப்பாதை வேலைக்கு இழுத்துச் சென்றனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் அக்காட்டில் நோயாலும் பசியாலும் அடியாலும் மாண்டவர் பல்லாயிரவர். செருமனியிலோ, புனாத் தொய்வம் செய்வதற்கென்றே அவுசுவிட்சுக் கொலைக்களத்தின் அருகே ஓர் ஆலை எழுப்பினர். அதனைக் கட்டிய சிறையாளிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அவ்வாலையிலிருந்து தொய்வம் வெளிவரவே இல்லை.

அறிவு ஒன்றே, அதனைக் கையாண்ட கரணியங்கள் வேறு. ஆகலின், ஒரு பொருளின் ஆக்கத்தை மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. கரணியத்தையும் கேட்டல் வேண்டும் என்னும் தொல்காப்பிய முறை இலக்கணத்தோடு நில்லாது அறமாகவும் ஆகின்றது.

போர் முடிந்தபின் அவ்வாலைகளின் பால் வீட்டுக்குள் நுழைந்தது. 1948இல் அமெரிக்கக் கடைகளில் ஆலைப்பாலால் ஆன சுவர்ப்பூச்சு விலைக்கு வந்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் தீற்றும் நீர்வண்ணமும் அம்முறையினதே. கோக்கும் பொருள்தான் மாறியுள்ளது. பூசியவுடன் நீர் ஆவியாகின்றது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி அழுந்திப் படலமாகின்றன. பின்னர் மழைநீர் பட்டாலும் கரைவதில்லை. தச்சர் பலகை ஒட்டும் வெண்பசை உலர்ந்து கண்ணாடிபோல் ஆவதும் இதனாலேயே. கையுறையும் ஊதுபையும், கைவடிவும் பைவடிவும் கொண்ட அச்சுகளைப் பாலில் தோய்த்தெடுத்துச் சூட்டில் உலர்த்துவதால் ஆகின்றன. தோய்ப்பது மரப்பாலாயின் சிலர்க்கு அதிலுள்ள புரதம் ஒவ்வாமல் தோல் தடிக்கும். நைட்ரைல் என்னும் ஆலைப்பாலாயின் அப்புரதம் இல்லை. மாறாக, பெருஞ்சுமை தாங்கும் வானூர்தி உருளிப்பட்டைக்கு இன்றும் மரப்பால் தொய்வமே முதன்மையாக வேண்டப்படுகின்றது. இயற்கையா செயற்கையா என்று கட்சி பிரித்துப் பேசுவோர் இதனை உன்னுக. எந்தப் பயனுக்கு எது என்று தேர்வதே அறிவு. அத்தேர்வு ஆக்கம் அறிந்தார்க்கே கைகூடும்.

நம் நிலை என்ன?

இந்தியாவில் 1963இல் பரேலியில் முதற் செயற்கைத் தொய்வ ஆலை தொடங்கப்பட்டது. அமெரிக்க நிறுவனமொன்றின் கூட்டோடு. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயமே அதற்கு மூலப்பொருள். இலெபெதெவ் காட்டிய வழி இங்கும் இயலும் என்பதற்கு அதனினும் சான்று வேண்டா. அவ்வாலை பின்னாளில் நின்றுபோயிற்று. 50 ஆண்டுகள் கழிந்து 2013இல் பானிபட்டில் மற்றோர் ஆலை எழுந்தது. தைவான், சப்பான் நிறுவனங்களின் கூட்டோடு. அரை நூற்றாண்டில் நாம் மாற்றிக்கொண்டது கூட்டாளியை மட்டுமே. கரும்பு விளையும் தமிழ்நாட்டிலோ, கழிவுப்பாகுச் சாராயம் எந்தக் குப்பிகளில் அடைபட்டு எந்தக் குடும்பங்களைக் கெடுக்கின்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம்மிடம் இல்லாதது எது? குமரி மாவட்டத்தில் தொய்வத் தோட்டம் இருக்கின்றது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கையிலிருந்து பெயர்க்கப்பட்ட மலையகத் தமிழர் அங்கே அரசுத் தோட்டங்களில் பால் எடுக்கின்றனர். 1984இல் அதற்கென அரசு நிறுவனமும் அமைந்தது. சென்னைக் கிண்டியில் 1968 முதல் நெகிழித் தொழில் பயிற்றும் நடுவண் நிறுவனம் நிற்கின்றது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் ஊதுபை செய்யத் தொடங்கிய முயற்சியே பின்னர் நாடறிந்த உருளிப்பட்டை நிறுவனமாக வளர்ந்தது. மரம் உண்டு, நிறுவனம் உண்டு, கொட்டகையிலிருந்து எழுந்த எடுத்துக்காட்டும் உண்டு. தோட்டத்தில் பால் எடுப்பவரின் மகனுக்கும் கிண்டியில் இருக்கும் அறிவுக்கும் இடையே பாலம் ஒன்றுதான் இல்லை. பாட்டன் மலேயாவில் எடுத்த பாலைப் பேரன் குமரியில் எடுக்கின்றான். நூறாண்டுக்குப் பின்னும் கை நம்முடையது, அறிவு அயலது.

இதற்கு ஆள்வோரை மட்டும் பழித்துப் பயனில்லை. ஆசிரியராகிய நாம் செய்வதென்ன? பலபடி என்றால் என்ன என்று கேட்டால் மாணவன் நான்கு வரி ஒப்புவித்து மதிப்பெண் பெறுகின்றான். அவன் காலிலுள்ள செருப்பே பலபடிதான் என்பதை அவனுக்குச் சொன்னவர் எத்துணைப் பேர்? தமிழ்ப்புலவராகிய நாமோ, சொல்லை ஆக்கிவிட்டால் கடமை முடிந்ததென்று கருதுகின்றோம். தமிழ்நாட்டுப் பாடநூல் பலபடி என்கின்றது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல் பல்பகுதியம் என்கின்றது. ஒரு மொழி பேசும் இரு மாணவர் ஒரே பொருளைப் பற்றி ஒருவரோடொருவர் உரையாட இயலாத நிலை. இவ்விரண்டையும் ஒன்றாக்க ஒரு நாள் அமர்ந்து பேசினால் போதும். அது நடைபெறவில்லை.

இவையெல்லாம் ஆங்கிலத்தில்தான் இயலும் என்பார்க்கு விடை எளிது. சுடாடிங்கர் தம் கொள்கையைச் செருமானிய மொழியில் எழுதினார். இலெபெதெவ் உருசிய மொழியில் கற்றார். உருசிய மொழியில் கற்பித்தார். அவர்கள் ஆலையில் ஆன பால் அதனால் திரிந்துபோயிற்றா?

ஆக்கம் அறிந்தவனே அழிவிற்கும் விடை சொல்வான்

ஆலைப்பாலின் பிழையையும் ஒளியாது உரைத்தல் வேண்டும். இப்பொருள்களுள் பல மண்ணில் மட்குவதில்லை. நெகிழி நுண்துகளாகிக் கடலிலும் மீனிலும் மாந்தர் குருதியிலும் கலந்திருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். தமிழக அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடை செய்தது. தடை நன்றே. ஆயினும் தடை மட்டுமே அறிந்த அரசு, செய்யத் தெரியாதவனின் படைக்கலம் ஒன்றை மட்டுமே ஏந்தி நிற்கின்றது. தெருவோரப் பூக்கடைக்காரியிடம் தண்டம் பெறலாம். அவளுக்கு மாற்றுப்பொருள் ஒன்றைச் செய்து கொடுக்க அத்தண்டத்தால் இயலுமா? எந்தச் சங்கிலி எவ்வாறு கோக்கப்பட்டது என்று அறிந்தவனுக்கே அதனை எவ்வாறு அவிழ்ப்பது, அவிழத்தக்கதாக எவ்வாறு கோப்பது என்பதும் புலப்படும். ஆக்கம் அறியாதவன் பொருளை வாங்கவும் தெரிந்தவன். பின்னர் அதனைப் பழிக்கவும் தெரிந்தவன். இடையே செய்யத்தக்கது ஒன்றும் அறியாதவன்.

நாம் கேட்பன நான்கு. பள்ளிதோறும் வேதியியல் பாடம், மாணவன் கையிலும் காலிலும் உள்ள பொருளிலிருந்து தொடங்குக. இரு நாட்டுத் தமிழ்ப் பாடநூற் சொற்களும் ஒன்றாகுக. குமரி மண்ணில், பால் எடுப்போரின் பிள்ளைகளுக்கு முதலிடம் தந்து, மரப்பாலும் ஆலைப்பாலும் கொண்டு அன்றாடப் பொருள் செய்யும் பயிற்சிக்கூடத்தைத் தமிழக அரசு தமிழில் நடத்துக. தமிழ்நாட்டில் விற்கப்படும் நெகிழி, தொய்வப் பொருள் ஒவ்வொன்றின் மேலும் அது எதனால் ஆயிற்று, பயன் முடிந்தபின் அதனை என் செய்வது என்று தமிழில் பொறிக்கப்படுக.

அரசு செய்யும்வரை காத்திராதீர்கள், தோழர்களே. நாளைக் காலை உங்கள் பிள்ளை ஒரு பந்தையோ செருப்பையோ கையில் எடுக்கும்போது, இது எதனால் ஆயிற்று என்று கேளுங்கள். விடை தெரியாவிடின் இருவரும் சேர்ந்து தேடுங்கள். அவ்வினா எழுந்த வீட்டிலிருந்துதான், பிறர்க்கு வாழும் கையைத் தனக்கே வாழும் கையாக்கும் தலைமுறை புறப்படும்.